துளைக்குறிப்பு

நாற்பது சென்டிமீட்டர் வரை மெழுகு சொட்டிய மண்.
அதன் கீழே உடைந்த ஓடு, சாம்பல், ஓர் ஆட்டின் தாடை.
மூன்று மீட்டரில் களிமண் தொடங்குகிறது:
பழுப்பு, ஈரம்,
கட்டைவிரல் அழுத்தினால் குழி விழும்.
ஒன்பதாவது மீட்டரில்தான் பாறை.
எழுதிக்கொள்கிறேன். சம்பளம் அதற்குத்தான்.

ஷிராக் சமவெளியில் ஏப்ரலிலும் பனி கரைந்து முடிவதில்லை.
கோயிலின் வடக்குச் சுவரோரம் துளைப்பொறி இருமுகிறது.
ஸ்ம்பாத் அதற்கு டீசல் ஊட்டுகிறான்.
குருவானவர் ஹூசிக் அங்கியைத் தூக்கிப் பிடித்து
சேற்றில் கால் மாற்றி நின்று கேட்கிறார்:
"பாறை தட்டியதா, மகளே?"

தட்டியது தந்தையே, ரொம்பக் கீழே.
உங்கள் கோயில் நிற்பது களிமண்ணில்.

அப்பத்தட்டு கை தவறியதுபோல் ஆயிற்று அவர் முகம்.
பாறையில் கட்டியவன், மணலில் கட்டியவன்,
பிறகு வந்த மழை:
ஞாயிறு தவறாமல் இவர் விளக்கிய கதை.
"ஆனால் அன்று இது விழவில்லையே" என்றார்.

விழவில்லை. மணிக்கூண்டு மட்டும்.

விழுந்தது பள்ளிக்கூடம்.
அது பாறைமேல் இருந்தது.
பன்னிரண்டு வருடம் கழித்து நானே துளைத்துப் பார்த்தேன்.
அரை மீட்டரிலேயே கறுப்பு எரிமலைப் பாறை,
உளி வைத்தால் பொறி பறக்கும்.
டிசம்பர் மாதம். மதிய மணி அடிக்கவில்லை இன்னும்.
என் தம்பி தாதுல் ஐந்தாம் வகுப்பில் இருந்தான்.
கணக்குப் பாடம். அவனுக்குப் பிடிக்காதது.

அங்கே சாய்ந்து கிடந்த தூணொன்றை
விரலால் தேய்த்தேன்.
உதிர்ந்தது.
சிமென்டை எவனோ விற்றிருக்கிறான்,
எவனோ ஒருவனின் கோடை பங்களாவுக்கு.
பாறைமேல்தான் கட்டினார்கள், தந்தையே.
மணலால் கட்டினார்கள்.
உங்கள் கதையில் அதற்கு ஒரு வரி இல்லை.

மூன்றாம் நாள் விடியலில்
என் அம்மாவும் வேறு இரண்டு பெண்களும்
அந்தக் குவியலின் முன் போய் நின்றார்கள்.
இதை யார் நகர்த்துவது என்று கேட்டது அம்மாதான்.
எந்தத் தோட்டத்தில், எந்தக் கல்லறைக்குப் போகும் வழியில்
பெண்கள் இப்படிக் கேட்டார்கள் என்று
சிறுவயது முதல் அவளுக்குத் தெரியும்.
அன்று நினைவுக்கு வரவில்லையாம்.
பாரந்தூக்கி வந்தது. கல் புரண்டது.
உள்ளே
காலியாக இல்லை.

குருவானவர் வெகுநேரம் பேசவில்லை.
பிறகு, யாரிடமோ சொல்வதுபோல்:
"பாறை என்று பெயர் வாங்கிய அந்த மீனவன்கூட
கணப்படுப்பருகே ஒரு வேலைக்காரப் பெண் கேட்டதும்
நடுங்கிப்போனான்.
அவனைத் துளைத்தாலும்
ஒன்பது மீட்டர் களிமண்தான் வந்திருக்கும்."
எனக்குச் சிரிப்பு வந்தது. ஆறுதல் வரவில்லை.

பதினோராவது மீட்டரில் ஸ்ம்பாத் கத்தினான்.
குழாய் வழியே தண்ணீர், கலங்கலாக, தானே ஏறி வந்தது.
கோல் எடுத்து அடித்தவளைப் பார்ப்பதுபோல்
குருவானவர் என்னைப் பார்த்தார்.
அடித்தது நானில்லை, டீசல் என்றேன்.
அடித்தவனுக்கு அந்த நாட்டில் கால் வைக்கக் கிடைக்கவில்லை என்பதை
இருவருமே சொல்லவில்லை.

மாலையில் கணக்குப் போட்டேன்.
களிமண் அதிர்வைப் பெருக்கும்.
முதலில் விழ வேண்டியது இந்தக் கோயில்தான்.
திரும்பப் போட்டேன். அதே விடை.

விளக்கோடு வடக்குச் சுவருக்குப் போய்
இரண்டு கற்களின் இடுக்கில் ஆணி வைத்து அறைந்தேன்.
சுண்ணாம்புச் சாந்து.
ஆணி வளைந்தது.
வேறிடத்தில் அறைந்தேன், தரையோரம்,
யாரும் குனிந்து பார்க்காத இடத்தில்.
அங்கேயும் வளைந்தது.

எவனோ ஒருவன், பெயர் இல்லை,
ஒரு கூடைச் சுண்ணாம்பைக்கூட
வீட்டுக்குக் கொண்டுபோகாமல் இருந்திருக்கிறான்.

படிவத்தில் மண்ணுக்கு ஒரு கட்டம் இருக்கிறது.
பாறைக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று.
அவனை எதில் எழுதுவதென்று தெரியாமல்
வளைந்த ஆணிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு
வண்டியில் ஏறினேன்.